பூனைச் சோற்றைச் சுற்றி ஓர் அகழி

நாயைப் போல வைத்தவுடன் தின்று முடிக்கிற பிராணி அல்ல பூனை. இரண்டு வாய் தின்னும், போய்ப் படுக்கும், மறுபடி எழுந்து வரும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவைகூடக் கிண்ணத்தைத் தேடி வரும். அதன் இயல்பே அப்படி. ஆகவே அதன் சாப்பாடு வெகுநேரம் தரையில் இருந்தாக வேண்டும். நம் ஊர்த் தரையிலோ, மீன் வாடை பட்டால் போதும், எறும்பு சாரை கட்டிவிடும். எறும்பு மொய்த்த கிண்ணத்தைப் பல பூனைகள் முகர்ந்துவிட்டு விலகிப்போகும். பசி தாங்காமல் வாய் வைக்கும் பூனை மூக்கில் கடிபடும்.

இதற்கு வீட்டிலேயே ஒரு சாதனம் செய்துகொள்ளலாம். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடியதுதான். ஆனால் செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. எறும்பு சாக்பீஸால் கிண்ணத்தைச் சுற்றிக் கோடு போடாதீர்கள். அதில் இருப்பது பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. நம் ஈரல் சுலபமாக முறித்து வெளியேற்றிவிடும் பல ரசாயனங்களைப் பூனையின் ஈரலால் அப்படி வெளியேற்ற முடியாது. கோட்டை மிதித்த பாதத்தைப் பூனை நக்கும், விஷம் நேரே வயிற்றுக்குப் போகும். பினாயிலும் கற்பூரமும்கூட அதன் பக்கத்தில் வேண்டாம்.

தண்ணீர் போதும். பழைய வீடுகளில் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைத்தார்களே, அதே வழிதான். விளிம்பு மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ள, அடி தட்டையான அகலத் தட்டு ஒன்று. அதன் நடுவே ஒரு மேடை. மேடைமேல் சாப்பாட்டுக் கிண்ணம். தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். மேடையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நான்கு விரல் அகலமாவது தண்ணீர் இருக்க வேண்டும்.

மேடைக்குப் பெரும்பாலும் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். கவிழ்த்த கிண்ணத்துக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். பத்து சென்டிமீட்டர் வாயுள்ள கிண்ணம் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீரில் நின்றால், ஏறத்தாழ 150 கிராம் எடையைத் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும். சோறு நிறைய இருக்கும்வரை அசையாது. பூனை தின்னத் தின்னப் பாரம் குறையும், மேடை லேசாக மிதந்து நகரும், மேலே உள்ள கிண்ணம் போய்த் தட்டின் விளிம்பைத் தொடும். அவ்வளவுதான், எறும்புக்குப் பாலம் கிடைத்துவிட்டது. ஆகவே மேடையாக ஒரு கிரானைட் துண்டை வைப்பதே நல்லது. கல் கடைகளில் வெட்டி மிஞ்சியது கிடைக்கும். கிண்ணம்தான் வேண்டும் என்றால், மீன்தொட்டி ஒட்டுகிற சிலிக்கோன் பசையால் தட்டோடு ஒட்டி, புளித்த வாடை முழுக்கப் போகும்வரை காயவிடுங்கள்.

இந்த அகழி தோற்பது பெரும்பாலும் பாலத்தால்தான். தண்ணீரில் விழுந்த ஒரு பருக்கை, உதிர்ந்த முடிக்கற்றை, சுவரில் உரசும் கிண்ணம், காற்றில் வந்து விழுந்த வேப்பிலை, எல்லாமே பாலம். இன்னொன்றும் உண்டு. அசையாத தண்ணீரின்மேல் தூசியும் எண்ணெயும் ஆடைபோல் படியும். சிற்றெறும்பு எடை மிகக் குறைந்தது, நீரின் மேற்பரப்பு விறைப்பும் இந்த ஆடையும் சேர்ந்தால் நடந்தே கடந்துவிடும். ஒரு சொட்டு சோப்பு அந்த விறைப்பை உடைக்கும் என்பது உண்மை. ஆனாலும் நான் சோப்பு விடச் சொல்லமாட்டேன். பூனை எந்தத் தண்ணீரையும் நக்கிப் பார்க்கும். தினமும் தண்ணீரை மாற்றினாலே ஆடை படியாது. மேடையைவிட அகலமான கிண்ணத்தை மேலே வைத்தால், அதன் விளிம்பு அகழியைப் பாதி மூடி, சிந்துவதையும் நக்குவதையும் குறைக்கும்.

தண்ணீரை மாற்றும்போது தட்டை வெறுமனே கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறு தண்ணீரின் ஓரத்தில்தான் முட்டையை ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

எறும்புக்குத்தான் இது தடை, கெட்டுப்போவதற்கு அல்ல. உலர்தீனி நாள் முழுக்க இருக்கலாம். மீன் சோற்றை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

பூனைக்கு வைப்பதற்கு முன் ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். எறும்பு வழக்கமாக வரும் இடத்தில் தட்டை வைத்து, கிண்ணத்தில் சிறு வெல்லத்துண்டு போடுங்கள். காலையில் வெல்லத்தில் ஓர் எறும்பு இருந்தாலும் எங்கோ பாலம் இருக்கிறது. டார்ச் அடித்து அந்தச் சாரையைப் பின்தொடருங்கள். பாலத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். அதை எடுத்துவிட்டு, எறும்பு போட்ட மணத்தடம் அழியும்படி தரையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, மறுநாள் மறுபடி வெல்லம் வைத்துப் பாருங்கள்.