நிலம் எடுப்பு: கெடு யாருக்கு?

நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்த ஊர்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஊரே திரண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறது. குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ரசீதை வாங்கிக்கொண்டு, 'ஆட்சேபணை கொடுத்தாச்சு' என்ற நிம்மதியோடு திரும்புகிறார்கள். சில மாதம் கழித்து வழக்கறிஞரிடம் போகும்போதுதான் நிலம் எடுப்புக் கோப்பில் அவர்கள் பெயரில் ஒரு ஆட்சேபணையும் இல்லை என்று தெரிகிறது. மனு வேறு ஏதோ பிரிவுக்குப் போய், 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு முடிந்திருக்கும். அதற்குள் கெடுவும் முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை மனு சட்டப்படியான ஆட்சேபணை ஆகாது. முதல்வரின் தனிப்பிரிவுக்கு அனுப்பியதும் ஆகாது. கிராம சபைத் தீர்மானம் ஊரின் குரல்தான். ஆனால் உங்கள் சர்வே எண்ணுக்கு நீங்கள் தரும் ஆட்சேபணைக்கு அது ஈடாகாது.

நமக்குக் கெடு இருப்பது போல, பலர் எதிர்க்கும் ஒரு திட்டத்தில் அரசும் இத்தனை நாளுக்குள் முடிவெடுத்தே ஆக வேண்டும் என்று கெடு வைக்கலாமா என்று கேட்டால், நில விஷயத்தில் கட்டாயம் வைக்க வேண்டும் என்பேன். அறிவிப்பு வந்து தொங்கும் நிலத்தை வாங்க ஆள் வராது, வங்கி கடன் தராது, புதிதாகப் போர் போடவும் மனம் வராது. பழைய 1894 சட்டத்தில் அவார்டு, அதாவது இழப்பீட்டுத் தீர்வு, பிறப்பிக்க 2 ஆண்டுக் கெடு வந்ததே 1984 திருத்தத்தில்தான். அரசுக்குக் கெடு இருப்பது சலுகையல்ல, பாதுகாப்பு.

2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. சமூகத் தாக்க ஆய்வைத் தொடங்கிய 6 மாதத்தில் முடிக்க வேண்டும். 11-ஆம் பிரிவின் முதல்நிலை அறிவிக்கை வந்த 12 மாதத்துக்குள் 19-ஆம் பிரிவின் விளம்புகை வர வேண்டும்; அதிலிருந்து 12 மாதத்துக்குள் அவார்டு வர வேண்டும். தவறினால் நடவடிக்கையே காலாவதி. நீதிமன்றத் தடை இருந்த காலம் மட்டும் கணக்கில் சேராது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 12 மாதங்களை அரசே நீட்டித்துக்கொள்ளலாம் என்று அதே பிரிவுகள் சொல்கின்றன. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அறிவிக்கையாக வெளியிட வேண்டும், இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பது நிபந்தனை. நமக்கோ ஆட்சேபணைக்கு 60 நாள், அவ்வளவுதான்.

தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தால் இன்னும் மோசம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஏ அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணை சேர வேண்டும். நாளிதழில் பார்த்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். அரசிதழ்த் தேதி அதற்கு முன்னதாக இருக்கும். ஒரு விவசாயி அரசிதழைத் தேடிப் பார்த்து, பத்திரங்களைத் திரட்டி, ஆட்சேபணை எழுத 21 நாள் போதும் என்று முடிவுசெய்தவர் ஒரு நாளாவது வட்டாட்சியர் அலுவலக வரிசையில் நின்றிருக்க மாட்டார். அரசுக்கு அங்கே 3டி விளம்புகை வெளியிட ஓராண்டு. தவறினால் 3ஏ செல்லாது.

மாநிலச் சட்டங்களின் கீழ் எடுப்பது வேறு கதை. 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டம், 2001-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டம் ஆகியவற்றில் மத்தியச் சட்டத்தின் 12 மாதக் கெடு இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் இவை செல்லாது என்றது. சட்டமன்றம் அதே ஆண்டு புதுச் சட்டம் இயற்றி அவற்றுக்கு உயிர் கொடுத்தது. உச்ச நீதிமன்றமும் 2021 ஜூன் 29 அன்று அதை ஏற்றுக்கொண்டது. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பது இந்த 1997 சட்டத்தில்தான். 2022 ஆகஸ்டில் இடம் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஏகனாபுரத்து மக்கள் போராடி வருகிறார்கள். மாநிலச் சட்டங்களிலும் கெடு எழுத வேண்டும், நீட்டிக்கும் அதிகாரம் இல்லாமல் எழுத வேண்டும் என்று கேட்கச் சட்டமன்ற உறுப்பினர்கள் யாருக்கும் நேரம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதலில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, கடைசி நாள் எது என்று பாருங்கள். மாநிலச் சட்டமானால் கெடு நோட்டீஸிலேயே இருக்கும். பிறகு, கையெழுத்திட்ட அதிகாரி யார் என்று பாருங்கள். பெரும்பாலும் தனி மாவட்ட வருவாய் அலுவலர் (நிலம் எடுப்பு) அல்லது தனி வட்டாட்சியர் (நிலம் எடுப்பு). ஆட்சேபணை அவர் பெயருக்கே போக வேண்டும். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். 'தேவையில்லை, வைத்துவிட்டுப் போங்க' என்பார்கள். வாங்காமல் வராதீர்கள். முத்திரை தர மறுத்தால் அன்றைக்கே ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள்.

ஆட்சேபணையில் சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, நோட்டீஸ் எண், தேதி எல்லாம் இருக்கட்டும். கிணறு, போர், மரங்கள், வீடு, கொட்டகை ஒவ்வொன்றையும் எழுதுங்கள். இந்த இடம் ஏன் பொருத்தமில்லை, இவ்வளவு பரப்பு ஏன் தேவையில்லை, பொதுநோக்கம் ஏன் சரியில்லை என்பதே இந்தக் கட்டத்தில் எடுபடும். 'விலை கூட்டிக் கொடுங்கள்' என்று மட்டும் எழுதினால், எடுப்பதில் உங்களுக்கு மறுப்பில்லை என்றே கோப்பில் ஏறும். விலைக்கான பேச்சு பின்னால் அவார்டு விசாரணையில். 'நேரில் விசாரிக்கக் கோருகிறேன்' என்ற வரியை மறக்காதீர்கள். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள்.

பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறதா? நோட்டீஸும் அவர் பெயருக்குத்தான் வரும். பங்காளி ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல் வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் இது.

பணம் வாங்கும் இடத்தில் இன்னொரு பள்ளம். தொகை போதாது என்றால் 'ஆட்சேபணையுடன் பெறுகிறேன்' என்று எழுதிவிட்டே கையெழுத்திடுங்கள். எழுதாமல் வாங்கினால் 2013 சட்டப்படி கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். 64-ஆம் பிரிவில் விண்ணப்பிக்க, அவார்டு பிறப்பித்தபோது நேரில் இருந்தவருக்கு அன்றிலிருந்து 6 வாரமே கெடு. நெடுஞ்சாலைச் சட்டத்தில் இழப்பீட்டுத் தகராறு ஆர்பிட்ரேட்டரிடம் போகும். மாநிலச் சட்டமானால் எங்கே, எத்தனை நாளுக்குள் என்று அவார்டு நகல் வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். எதுவும் எழுதாத மகஜரில், அதாவது சுவாதீனப் பதிவில், கையெழுத்து வேண்டவே வேண்டாம். சுவாதீனம் எடுத்ததாகக் காட்ட ஒரு மகஜர் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லியிருக்கிறது.

அரசு தன் கெடுவைத் தாண்டியதா என்று கண்டுபிடிக்க 10 ரூபாய் போதும். வெள்ளைத்தாளில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். அறிவிக்கை, விளம்புகை வெளியான அரசிதழ் நகல்கள், 2013 சட்டத்தின் 19(7) அல்லது 25-ஆம் பிரிவின் கீழ்க் கெடு நீட்டித்திருந்தால் அந்த ஆணையின் நகல், அது இணையதளத்தில் ஏற்றப்பட்ட தேதி, சுவாதீன மகஜர் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நீட்டிப்பு ஆணையே இல்லை என்று எழுத்தில் பதில் வந்தால், அதை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது.