ஒரே ஓட்டத்தில் உச்சி!

குட்டீஸ்... திருச்சிக்குப் போனால் மலைக்கோட்டை ஏறாமல் திரும்பாதீர்கள்! கடைவீதிக்கு நடுவே திடீரென எழுந்து நிற்கிறது, 273 அடி உயரப் பாறை. படிகள் 400க்கும் மேல். காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் வந்தால் வெறுங்கால் சுட்டுவிடும்.

மூச்சு வாங்கினால், வழியில் 7ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகை இருக்கிறது, நின்று பாருங்கள்.

உச்சியில் வடக்கே திரும்புங்கள். முதலில் காவிரி, அடுத்து ஸ்ரீரங்கம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். அட, ஸ்ரீரங்கம் ஒரு தீவு! பாடத்தில் படித்தது அப்போதுதான் புரியும். அருகில் நின்றால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் 236 அடி ராஜகோபுரம், இங்கிருந்து கொலு பொம்மைதான்!

ரங்கநாதர் சிலையைக் காவிரிக் கரையில் வைத்துவிட்ட சிறுவனை விபீஷணன் துரத்த, அவன் ஓடிவந்து அமர்ந்தது இந்த உச்சியில்தானாம். அவர்தான் உச்சிப் பிள்ளையார். விபீஷணன் குட்டிய வடு நெற்றியில் இருக்கிறது என்பார்கள்; உற்றுப் பாருங்கள்!