சந்திரலேகா கேட்ட கேள்வி

1952-ல் நடந்த அந்த நடன நிகழ்ச்சி, ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக. காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பயின்ற இளம் நர்த்தகி சந்திரலேகா, 'மதுரா நகரிலோ' பாடலுக்கு அபிநயம் பிடித்துக்கொண்டிருந்தார். யமுனையின் அலை, நீர் விளையாட்டு, ததும்பும் வெள்ளம் என்று விரல்களெல்லாம் தண்ணீரைக் காட்டின. அப்போது பத்திரிகைகளில் பார்த்திருந்த, பாளம் பாளமாக வெடித்த ராயலசீமா நிலம் நினைவுக்கு வந்தது. ஆடிக்கொண்டிருந்தபடியே உறைந்துபோனதாகப் பின்னாளில் சொன்னார். குடிக்கவே தண்ணீர் இல்லாத மக்களுக்காக ஆடுகிறோம், ஆடுவதோ தண்ணீரை!

கலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி ஏன்? இந்தக் கேள்வியைச் சந்திரலேகா கடைசிவரை விடவில்லை. அவருடைய படைப்புகள் அத்தனைக்கும் வேர் இதுதான்.

பரதத்தின் மேல் அவருக்கு ஆழ்ந்த பற்று இருந்தது. ஆனாலும் நீண்ட காலம் மேடையை விட்டு விலகினார். எழுதினார், போஸ்டர்கள் வடிவமைத்தார், பெண்ணுரிமைப் போராட்டங்களில் பங்கெடுத்தார். 1984-ல் மும்பையில் நடந்த கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு அவரை மீண்டும் நடன உலகுக்குள் இழுத்துவந்தது. மறுவருடமே 'அங்கிகா' பிறந்தது.

அங்கிகாவில் பரதக் கலைஞர்களும் களரிப்பயட்டு வீரர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். இந்த இணைப்புக்கு உடம்பிலேயே நியாயம் இருந்தது. பரதத்தின் அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் விரிய, இடுப்பு இறங்க, முதுகுத்தண்டு நிமிர்ந்து நிற்கிறது. களரியின் யானை வடிவிலும் சிம்ம வடிவிலும் உடம்பு அதேபோலத் தாழ்ந்து, தரையிலிருந்து பலம் வாங்குகிறது. நகையையும் நாயகன்–நாயகி கதையையும் விலக்கிவிட்டு, அந்த பலத்தைத்தான் சந்திரலேகா முன்னால் கொண்டுவந்தார். நாயகனுக்காக ஏங்கி நின்ற நாயகியின் இடத்தில், தன் காலில் ஊன்றி நிற்கும் பெண் வந்தாள்.

அடுத்தடுத்த படைப்புகளிலும் அவர் துணிச்சல் குறையவில்லை. 1989-ல் பாஸ்கராச்சாரியாரின் கணிதநூலான 'லீலாவதி'யை நடனமாக்கினார். 2001-ல் வந்த கடைசிப் படைப்பு 'சரீரா'வில் ஆடியவர்கள் இரண்டே பேர். ஒருவர், முறையான நடனப் பயிற்சி இல்லாமல் வந்த கவிஞர் திஷானி தோஷி; இன்னொருவர், களரி கற்ற ஷாஜி ஜான். குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசை நிதானமாக விரிய, ஒரு கால் உயர்ந்து இறங்குவதற்குள் பார்ப்பவரின் மூச்சே மெதுவாகிவிடும். தீர்மானம் என்னும் ஜதி முத்தாய்ப்புகளுக்கெல்லாம் கைதட்டிப் பழகிய ரசிகருக்கு இது புது அனுபவம். ஆண்–பெண் உடல்களை மறைப்பில்லாமல் பேசியதால் சிலர் சங்கடப்பட்டார்கள், சிலர் நெகிழ்ந்துபோனார்கள். இரண்டுமே நியாயமான எதிர்வினைகள்தான். புதுப் படைப்பு ஒன்று மேடைக்கு வந்த பிறகு, அதில் பாதி ரசிகர்களுடையது.

இப்படிப்பட்ட படைப்புக்கு முதல் தேவை அவகாசம். பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய தன் வீட்டிலேயே சந்திரலேகா அந்த அவகாசத்தை உண்டாக்கிக்கொண்டார். பயிற்சியும் ஒத்திகையும் அங்கேதான். 2006 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் 'சரீரா' பல ஆண்டுகள் பல நாடுகளில் மேடையேறியது. பொறுமையாக விளைந்த படைப்பு படைத்தவரையும் தாண்டி வாழ்கிறது.

இன்றைய இளம் நர்த்தகிகளிடமும் இத்தகைய கேள்விகள் இருக்கின்றன, அவகாசம்தான் இல்லை. பக்கவாத்தியத்துக்கும் உடைக்கும் கைக்காசைப் போட்டு, கிடைத்த நேரத்தில் மார்க்கம் என்னும் வழக்கமான நிகழ்ச்சி வரிசையை ஆடி முடிப்பதே பலருக்குப் பெரும்பாடு. சபாக்கள் சீசனில் சில மாலைகளையாவது புதுப் படைப்புகளுக்கென்று ஒதுக்க வேண்டும். ஒத்திகைக்கு இடமும் தர வேண்டும். ரசிகர்களும் பழக்கமில்லாத ஒன்றைப் பார்த்ததும் எழுந்துவிடாமல் கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால், அதையும் அந்தக் கலைஞரிடமே நேரில் சொல்லுங்கள். அவருடைய அடுத்த படைப்புக்கு அது உதவும்.