ஜி.ஐ. பில்: கையெழுத்துப் போடுமுன் தெரிந்துகொள்வோம்



கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப்போய், "ஆர்மியில் சேர்ந்தால் படிப்பு இலவசமாமே?" என்று கேட்கிற பிள்ளைகள் நம் சபையிலும் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ்களாக இருக்கும் நாங்கள், படையிலிருந்து வந்து இந்தச் சலுகையில் நர்ஸிங் படித்தவர்களோடு வேலை செய்கிறோம். பணியில் காயப்பட்டவர்களையும் பராமரிக்கிறோம். இரண்டையும் பார்க்கிறதால் சில காரியங்களைச் சொல்கிறோம்.

முதல் ஜி.ஐ. பில், 1944 ஜூன் 22-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம். 1956-க்குள் ஏறக்குறைய 78 லட்சம் பேர் அதன் உதவியால் படித்தார்கள் அல்லது தொழில் கற்றார்கள். இன்று பெரும்பாலும் பயன்படுவது, 2001 செப்டம்பர் 10-க்குப் பின் பணியாற்றியவர்களுக்கான திட்டம்.

இதில் 36 மாதப் படிப்புக்கு உதவி கிடைக்கும். அரசுக் கல்லூரியில் அந்த மாநிலத்தவர் கட்டும் கட்டணம் முழுவதும் கொடுக்கப்படும். தனியார் கல்லூரிக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை, அதோடு மாதந்தோறும் வீட்டுப்படி. ஆன்லைனில் மட்டும் படித்தால் வீட்டுப்படி குறையும். செமஸ்டர் விடுமுறையில் வராது. நர்ஸிங் லைசென்ஸ் தேர்வுக் கட்டணத்தையும் இதில் திரும்பப் பெறலாம்.

ஆனால் சேர்ந்த அன்றே இது கிடைக்காது. முழு உதவிக்கு 36 மாதம் முழுநேரப் பணி வேண்டும். 90 நாள் பணிக்குப் பாதிதான். நல்ல முறையில், அதாவது "ஹானரபிள் டிஸ்சார்ஜ்" பெற்று, வெளியே வரவேண்டும்.

படையில் இருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும். சலுகையை மனைவிக்கோ, கணவருக்கோ, பிள்ளைகளுக்கோ மாற்றிக் கொடுக்கலாம். அதற்குப் பொதுவாக 6 ஆண்டு பணி முடித்து, இன்னும் 4 ஆண்டு பணியாற்றச் சம்மதிக்கவேண்டும். பணியில் இருக்கும்போதே விண்ணப்பிக்கவேண்டும். "ரிடையர் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் அந்தக் கதவு அடைந்துவிடும். பிள்ளைகள் 26 வயதுக்குள் பயன்படுத்தவேண்டும்.

வேறொரு செய்தி ஆறுதலானது. 2013 ஜனவரி 1 முதல் பணியிலிருந்து விடுபட்டவர்களுக்கு 15 ஆண்டுக் காலவரம்பு 2017-ல் நீக்கப்பட்டது. குடும்ப பாரத்தால் படிப்பைத் தள்ளிப்போட்டவர்கள் இன்னும் படிக்கலாம். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது, இடைத்தரகரும் வேண்டாம்.

தம்பி தங்கைகளே, ரெக்ரூட்டர் வாயால் சொன்னது போதாது; ஒப்பந்தத் தாளில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நாட்டுக்குப் பணியாற்றும் மனம் உங்களுக்கு இருந்தால் அது நல்லது. கட்டணத்துக்காக மட்டும் என்றால், முதலில் ஃபாஃப்சா நிரப்பி, பெல் கிராண்ட் கிடைக்குமா, கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படிக்கலாமா என்று விசாரியுங்கள். படைவீரர் இந்தச் சலுகைக்குத் தங்கள் சரீரத்தாலும் மனதாலும் விலை கொடுக்கிறார்கள். அதை வீட்டில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, பொறுமையாய்ப் பேசி முடிவெடுங்கள்.