சாத்தின கதவைத் தட்டிக் கேளுங்கள்



படவேட்டுப் பக்கம் வாழை வைத்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஜவ்வாது மலை அடிவாரம், கமண்டல நதித் தண்ணீர், நல்ல மண் எல்லாம் இருந்தும், தார் முற்றுகிற நேரத்தில் ஒரு சாயந்திரக் காற்று வீசினால் போதும், முட்டுக் கொடுத்த மரமும் சேர்ந்தே சாயும். ஒரு வருஷத்து உழைப்பு அரை மணி நேரத்தில் தரையில் கிடக்கும். நஷ்டத்துக்கு எங்கே மனு கொடுப்பது என்பதை வேறொரு நாள் பேசலாம். இன்றைக்குப் பேசப் போவது அந்தத் தோட்டத்துக்காரரையும் அவர் குடும்பத்தையும் பற்றி.

முதல் நாள் ஊரே வந்து பார்த்து, "த்சொ, த்சொ" என்று சொல்லிவிட்டுப் போகும். பத்தாம் நாள் ஒருத்தரும் வரமாட்டாங்க. கஷ்டம் அப்போதுதான் ஆரம்பம். உரக்கடை பாக்கி இருக்கும், நகை அடகில் இருக்கும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். கடன் கொடுத்தவர் உட்கார்ந்திருப்பாரே என்று டீக்கடைக்குப் போவதை அவர் நிறுத்துவார். ஆடி மாசம் ரேணுகாம்பாள் கோயிலில் ஊர் கூடும்போதும் அவரைக் காணோம். வீட்டம்மா, கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் குழாயடிக்குப் போவாங்க. நாமும், "மானஸ்தர், போய்க் கேட்டா மனசு புண்படும்" என்று ஒதுங்கி நிற்போம். நல்ல மனசோடுதான் அப்படிச் செய்கிறோம். ஆனால் உள்ளே இருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? ஊர் தன்னைக் கைவிட்டுவிட்டது என்றுதான் படும்.

ஆரணிப் பக்கத்து நெசவுத் தெருவில் பாவு நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு கெட்டிக்கார நெசவாளியாக இருந்தாலும் அதைத் தனியாக நீட்ட முடியாது. அடுத்த வீட்டுக்காரர் வந்து ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். அதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. விவசாயத்திலும் நமக்கு அந்தப் பழக்கம் உண்டு. இன்று என் வயலுக்கு நீ, நாளை உன் வயலுக்கு நான். ஆகவே, போய் "எவ்வளவு கடன்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அண்ணே, காலையில ரெண்டு பேர் வர்றோம். விழுந்த மரத்தை வெட்டி ஒதுக்கி, பக்கக் கன்னை நிறுத்திடலாம்" என்று சொல்லுங்கள். கையில் கத்தியோடு வேலை செய்யும்போது மனுஷன் தானாகப் பேசுவான். திண்ணையில் உட்கார வைத்து விசாரித்தால் பேசமாட்டான்.

இனி, சொல்லக் கூசினாலும் சொல்லியே ஆக வேண்டிய விஷயம். பூச்சிமருந்தை நாம் எங்கே வைக்கிறோம்? இறவாணத்தில் சொருகி வைக்கிறோம். பரண்மேல் போட்டு வைக்கிறோம். மனசு உடைந்த ஒருவருக்கு உயிரை விடும் எண்ணம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரம் கையெட்டும் தூரத்தில் மருந்து இல்லையென்றால், பல பேர் பிழைத்துக்கொள்வார்கள்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இதைச் செய்தே பார்த்தார்கள். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்பு வேலை செய்யும் 'சிநேகா' அமைப்பைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு இருந்தவர்களும் நான்கு கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கிராமங்களில் பொது மருந்துக் கிடங்கு கட்டினார்கள். பாங்கி லாக்கர் மாதிரி ஆளுக்கொரு பெட்டி, பூட்டு, சாவி. மருந்து அடிக்கிற அன்று போய் எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்ப வைத்துவிட வேண்டும். மற்ற இரண்டு கிராமங்களில் கிடங்கு இல்லை. கிடங்கு வைத்த கிராமங்களில் மருந்து குடித்த சம்பவங்கள் குறைந்தன என்று 2013இல் வெளியான அவர்கள் ஆய்வு சொல்கிறது. நான்கே கிராமம், சின்ன ஆய்வுதான். இருந்தாலும் யோசிக்க வைக்கிறது.

"அதுக்கு ஏங்க கிடங்கு? வீட்டிலேயே ஒரு பெட்டி வாங்கிப் பூட்டி வைச்சா ஆகாதா?" என்று கேட்பீர்கள். இலங்கையில் அனுராதபுரம் பக்கம் 180 கிராமங்களில் அதையும் செய்து பார்த்தார்கள். அவற்றில் பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017இல் முடிவு வந்தது: குறையவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். வீட்டுப் பெட்டிக்குச் சாவி வீட்டிலேயே இருக்கும். பொதுக் கிடங்கு என்றால் நாலு எட்டு நடக்கணும், வழியில் யாராவது, "எங்கே மாமா இந்நேரத்துக்கு?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வி பூட்டைவிடக் கெட்டி.

"இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அப்படி வராது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். 'ஆமாம்' என்றால் ஆளைத் தனியே விடாதீர்கள். 104க்கோ, 14416க்கோ போன் செய்தால் பேசி வழி சொல்வார்கள். காசு கிடையாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1989இல் தருமபுரியில் அரசு ஆரம்பித்து வைத்த மகளிர் குழு, முதலில் சேமிப்பு, பிறகு கடன் என்ற முறையில் வந்தது. இப்போது வாரத் தவணைக் கடன்களும் குழுப் பெயரில்தான் வருகின்றன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் தலையில். கம்பெனி ஆள் வருவதற்கு முன்னால் குழுத் தோழிகளே அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகிறார்கள். கை கொடுக்க வேண்டியவர்களே கழுத்தைப் பிடிக்கிறார்கள். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் அடுத்த வீட்டுக்காரி முறைத்துப் பார்ப்பதற்குச் சட்டம் ஏது? அவளைத் தனியாக நிறுத்தாமல், குழுவாகப் போய்த் தவணைக்கு அவகாசம் கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் காது கேட்கும்.

மருந்துக் கிடங்கு விஷயத்தை அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்கலாம். பெரிய கட்டடம் தேவையில்லை. ஊரில் சும்மா கிடக்கும் காற்றோட்டமான ஓர் அறையும் இரும்பு அலமாரியும் போதும். தானியமோ தீவனமோ அங்கே சேரக் கூடாது. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை வரும். எதிரெதிர்க் கட்சிக்காரர் இரண்டு பேரிடம் ஆளுக்கொரு பூட்டின் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.