ஐந்து கோப்பைக்கு ஒரு கதை

டாரட் சீட்டு என்றதுமே ஜோசியம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்தபோது அது ஒரு சீட்டாட்டம், அவ்வளவுதான். கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு வகை, வகைக்கு 14 சீட்டு. மேலே 21 துருப்பும் ஒரு கோமாளியும். ஆக 78. நம் ஆட்டங்களில் துருப்பு எது என்று ஆட்டத்துக்கு ஆட்டம் சொல்ல வேண்டும். இதில் துருப்பு தனிப் படங்களாகக் கட்டிலேயே இருக்கிறது. குறி சொல்வது 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில்தான் பரவியது.

பிரெஞ்சுப் பட்டறைகளில் மரக்கட்டையில் கோட்டுருவம் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றி எடுப்பார்கள். வெட்டிய அட்டையை மேலே வைத்து வண்ணம் பூசி, தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, அழுத்தி, நறுக்குவார்கள். மார்செய் நகரத்துப் பாணி தலைமுறைகளாக அதிகம் மாறவில்லை. மாற்ற வேண்டிய தேவையும் இல்லை: ஆடுகிறவருக்குப் பார்த்த கணத்தில் சீட்டு தெரிய வேண்டும். அதனால் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகள். கூடவே கொஞ்சம் கொடி, பூ.

1909இல் லண்டனில் மறைஞான எழுத்தாளர் ஆர்தர் வெயிட்டுக்காக பமீலா கோல்மன் ஸ்மித் ஒரு கட்டு வரைந்தார். நாடக மேடைக்கு வடிவமைத்துப் பழகிய கை. துருப்புகளில் தலையிட்ட அளவுக்கு எண் சீட்டுகளில் வெயிட் தலையிடவில்லை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த இடைவெளியில்தான் ஸ்மித் விளையாடினார். எண்ணிக்கையில் கை வைக்கவில்லை. ஐந்து கோப்பையில் மூன்றைக் கவிழ்த்துவிட்டு, அவற்றைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்க ஒருவனை வைத்தார். மீதி இரண்டும் அவன் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கின்றன, அவன் பார்க்கவில்லை. பத்துக் கோலை ஒரே ஆள் குனிந்து சுமக்கிறான். கணக்கு வழுவாமல் கதை வந்துவிட்டது.

எல்லாமே அவர் கற்பனை என்றும் சொல்ல முடியாது. எண் சீட்டுகளுக்கும் காட்சி வரைந்த சோலா புஸ்கா என்ற 15ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டின் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்திருந்தன. ஸ்மித்தின் கட்டில் வரும், இதயத்தை மூன்று வாள்கள் துளைக்கும் படம் அதிலும் உண்டு. பார்க்காமல் வரைந்திருப்பார் என்று நம்புவது கடினம்.

கூலி சொற்பம். 1951இல் கடனோடுதான் இறந்தார். கட்டு நெடுங்காலம் பதிப்பாளர் ரைடர், வெயிட் இருவர் பெயரில்தான் விற்றது. இன்று புதுக் கட்டு வரைகிறவர்களில் பலர் மரபு என்று எடுத்து வைத்துக்கொள்வது ஸ்மித்தின் படங்களைத்தான். மார்செய்க் கட்டைப் புரட்டியே பார்க்காதவர்களும் அவர்களில் உண்டு.