பால் தந்தவர் யார்?

சீகாழித் திருக்கோயிலின் பிரம தீர்த்தக் கரையில் மூன்று வயதுப் பிள்ளை அழுத வரலாற்றை அன்பர்கள் அறிவர். தந்தையார் சிவபாத இருதயர் நீரினுள் மூழ்கியிருந்தார். கரையில் நின்ற பிள்ளைக்கு அவர் தென்படவில்லை. அவர் மறைந்திருந்தது சிறிது நேரமே. அதையும் பிள்ளை பொறுக்கவில்லை. உமையம்மையார் ஞானப்பால் ஊட்டியது அப்பொழுதுதான். அப்பாலின் பெருமையைப் பேசும் நாம், கரையேறிய தந்தையார் செய்ததை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. மகனின் வாயில் பால் வழிவதைக் கண்டு, சிறு கோலொன்றைக் கையிலெடுத்து, யார் கொடுத்ததை உண்டாய் என்று வினவினார். பிள்ளையும் தந்தவரைச் சுட்டிக் காட்டியது என்கிறது பெரிய புராணம்.

இன்று தந்தையர் மறைந்திருக்கும் காலம் நீண்டுவிட்டது. வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் பலர் ஆண்டுக்கொரு முறையோ ஈராண்டுக்கொரு முறையோதான் இல்லம் வருகின்றனர். லாரி ஓட்டுநர் வாரக்கணக்கில் வெளியூரில் இருக்கிறார். வீட்டிலேயே இருந்தும் கைப்பேசியில் மூழ்கிய தந்தையரும் உளர். அந்நீரிலிருந்து அவர்கள் கரையேறுவது எப்பொழுதோ! 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடத்திற்கென வந்த கைப்பேசி, பள்ளிகள் திறந்த பின்னும் பல பிள்ளைகளின் கையை விட்டு நீங்கவில்லை.

காணொளி காட்டும் செயலிகள், எதன்மேல் கண் எத்தனை நொடி நின்றது என்று கணக்கிட்டு, அதனை ஒத்த மற்றொன்றைத் தாமே கொண்டுவந்து நிறுத்துகின்றன. உடல் வலிவு பெற விரும்பும் பதினான்கு வயதுச் சிறுவன் முதலில் உடற்பயிற்சியைக் காண்கிறான். பிறகு விலையுயர்ந்த காரில் சாய்ந்து நின்று, பணமில்லாதவன் ஆணல்லன் என்று பேசுபவரைக் காண்கிறான். அழுவது இழிவு, பெண்ணின் சொல் கேட்பது தோல்வி என்பன அடுத்து வருகின்றன. எல்லாச் சிறுவர்க்கும் இவ்வாறே நேரும் என்று கூறுவதற்கில்லை; இணையத்தில் கணிதமும் இசையும் நன்கு பயின்ற பிள்ளைகளும் உளர். எனினும் திரையில் பேசுபவர் சிறுவனைப் பார்ப்பதில்லை; அவன் முகவாட்டத்தை அறியார்; தம் தோல்வியைக் காட்டவும் மாட்டார். வாங்கிய கடனைப் பல்லாண்டு உழைத்து அடைத்த தகப்பனார், நோயுற்ற மனைவிக்குக் கஞ்சி காய்ச்சித் தரும் தாய்மாமன் ஆகியோர் அங்கே தென்படுவது அரிது. யார் தந்தது என்று வினவினால், சிறுவனால் சுட்டிக் காட்டவும் இயலாது.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் முதன்மையான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் முதல் சட்டம் தடுக்கிறது. கதவைச் சட்டம் அடைக்கலாம். பையனின் அருகில் வந்து உட்கார அதனால் ஆகாது.

அருகில் இருப்பவர் பெற்ற தந்தையாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. ஞானசம்பந்தர் தம்மினும் மிக மூத்தவரான திருநாவுக்கரசரை அப்பரே என்றழைத்தபோது, சிவபாத இருதயரும் வாழ்ந்திருந்தார். தேரோட்டத்தன்று வடம் பிடிப்போரையே எல்லோரும் பார்க்கின்றனர். சக்கரத்தருகே முட்டுக்கட்டை போடுபவரைப் பையனுக்குக் காட்டுங்கள். அத்தனை பெரிய தேர் தெருமுனையில் திரும்புவதும் நிற்பதும் அவர் கைக்கணக்கில் உள்ளன. மூத்தவர் பக்கத்தில் பல ஆண்டு நின்று பழகிய கை அது.

தொலைவிலுள்ள தந்தையரும் இரவில் பேசும்போது மதிப்பெண்ணை மட்டும் கேளாமல், இன்று யாருடைய பேச்சைக் கேட்டாய், அவர் என்ன சொன்னார் என்று வினவலாம். கோல் வேண்டுவதில்லை. முதல் நாள் ஒன்றுமில்லை என்றே பையன் சொல்வான். மறுநாளும் கேட்க வேண்டும்.